காற்றுக்கும் கட்டணம் உண்டு

கூரியர் கவுன்ட்டரில் ஒவ்வொரு பார்சலுக்கும் இரண்டு எடைகள் உண்டு. ஒன்றைத் தராசு சொல்லும், மற்றதை அளவு நாடா சொல்லும். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, வரும் எண்ணை 5000ஆல் வகுத்தால் கிடைப்பது கொள்ளளவு எடை. தொழிலில் இருப்பவர்கள் இதை 'வால்யூம் வெயிட்' என்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் பில். விமானச் சரக்கில் வழக்கமான வகுஎண் 6000. கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000ஐ வைத்துக்கொள்கின்றன. தரைவழிச் சேவைகளில் 4500, 4000 என்றும் இருப்பதுண்டு. வகுஎண் குறையக் குறையக் கட்டணம் ஏறும். கிலோவுக்கு எவ்வளவு என்று பேரம் பேசும் சிறு வணிகர்கள் பலர் இந்த எண்ணைக் கேட்பதே இல்லை.

இந்தக் கணக்கை வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. பத்து டன் தாங்கும் லாரியில் தலையணைகளை ஏற்றினால், ஒரு டன்னை எட்டுவதற்குள் இடம் தீர்ந்துவிடும். டீசலும் டோல்கேட்டும் டிரைவர் சம்பளமும் மட்டும் குறையாது. வண்டி விற்பது எடை தாங்கும் திறனை மட்டும் அல்ல, இடத்தையும்தான். 5000 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 200 கிலோ என்று வரும். தண்ணீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1000 கிலோ. ஆக, கட்டி முடித்த பார்சல் தண்ணீரின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கையாவது எட்டவில்லை என்றால், அனுப்புகிறவர் பொருளுக்கு மட்டுமல்லாமல் காற்றுக்கும் பணம் கட்டுகிறார்.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடியிலிருந்து இணையத்தில் வீட்டுச் சாமான் விற்கும் சிறு கடையை எடுத்துக்கொண்டால், அது விற்கக்கூடிய பொருள்களில் இந்தக் கோட்டின் இரு புறமும் சரக்கு இருக்கிறது. எவர்சில்வர் குடம், இலவம்பஞ்சுத் தலையணை, காவிரிக் கரையில் மோகனூர், பரமத்திவேலூர் பக்கத்துக் கோரைப்பாய் ஆகியவை இடத்தை அடைப்பவை. மாக்கல்லில் குடைந்த கல்சட்டி எடையில் கனப்பது. பவானி ஜமுக்காளம் மடிக்கிற விதத்தைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் காகிதம் திணிப்பதுதான் இருப்பதிலேயே செலவு பிடிக்கும் வழி.

மெத்தென்ற பொருளில் தொடங்கலாம். 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரம் உள்ள பாலியெஸ்டர் பஞ்சுத் தலையணையின் கொள்ளளவு எடை 8.64 கிலோ. அரை கிலோ வீதம் மேல்நோக்கி முழுமையாக்கும் வழக்கப்படி 9 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். தராசிலோ அது ஒரு கிலோ அளவில்தான் நிற்கும். அதையே மடித்துக் காற்றுப் புகாத பையில் போட்டு, காற்றை உறிஞ்சி, 40க்கு 30க்கு 12 என்று அடக்கிவிட்டால் 3 கிலோ ஆகிவிடுகிறது.

இந்த அழுத்தும் வேலையைச் செய்வது வளிமண்டலம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவுக்கு அழுத்துகிறது. பைக்கு உள்ளேயும் அதே அழுத்தம் இருப்பதால் சாதாரணமாக அது தெரிவதில்லை. வீட்டு வாக்குவம் கிளீனரால் உள்ளிருக்கும் அழுத்தத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்தாலே போதும். 2400 சதுர செ.மீ. பரப்புள்ள தலையணையின் மீது சுமார் 400 கிலோ எடை ஏறி உட்கார்ந்ததற்குச் சமமான விசை விழும். ஆனால் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் வழியில் காற்று புகுந்து பை மறுபடி உப்பிவிடும். உப்பிய பார்சலை இடையில் உள்ள ஹப்பில் மறுபடி அளப்பார்கள், கூடுதல் பில் பிறகு வந்து சேரும். அதனால் உறிஞ்சிய பையை அப்படியே அனுப்பாமல், இறுக்கமான வெளிப்பை ஒன்றில் நுழைத்துப் பட்டை கட்டிவிடுவது நல்லது.

எல்லாப் பஞ்சும் ஒன்றல்ல. பாலியெஸ்டர் இழை வில் போலச் சுருண்டது, விட்டதும் நிமிர்ந்துகொள்ளும். இலவம்பஞ்சு இழை மெல்லிய சுவர் கொண்ட குழாய். அதன் பருமனில் பெரும்பகுதி உள்ளே அடைபட்ட காற்றுதான். ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் சட்டைகளுக்கு இலவம்பஞ்சு பயன்பட்டதும் இதனால்தான். அளவுக்கு மீறி அழுத்தினால் குழாய்ச் சுவர் நசுங்கிவிடும், பழைய உப்பல் முழுசாகத் திரும்பாது. ஆகவே இலவம்பஞ்சை மிதமாக அழுத்தலாம், உறிஞ்சிக் கல்லாக்கக் கூடாது. நுரை மெத்தைகள் சுருட்டலைத் தாங்கும். ஆனால் வெப்பமும் நாள்களும் கூடக்கூட அவற்றில் நிரந்தரப் பள்ளம் விழும் வாய்ப்பும் கூடுகிறது. சித்திரை வெயிலில் மூடிய லாரிக்குள் ஒரு வாரம் கிடப்பது நுரைக்கு நல்லதல்ல. ரப்பர் பூசிய தேங்காய் நார் மெத்தையைச் சுருட்டவே முடியாது. அது கூரியரில் போகும் சரக்கே அல்ல.

துணிச் சாமான்களுக்கு அட்டைப்பெட்டி தேவையில்லை. ஜமுக்காளமும் தலையணையும் விழுந்தால் உடையாது, மேலே பாரம் வைத்தால் நொறுங்காது. பெட்டியின் விறைப்பு அங்கே யாருக்கும் உதவாமல் மூலைகளில் வெற்றிடத்தை மட்டுமே உண்டாக்குகிறது. மழைக்கு ஒரு பாலித்தீன் உறை, அதன் மேல் கிழியாத வெளிப்பை, இவ்வளவு போதும். சுருட்டுவதா மடிப்பதா என்பதில்தான் பணம் இருக்கிறது. உருளையைக் கூரியர்காரர் உருளையாக அளப்பதில்லை, அதைச் சுற்றி வரும் சதுரப் பெட்டியாகவே அளப்பார். அந்தப் பெட்டியில் உருளை நிரப்புவது 78.5 சதவீதம்தான். மீதி 21.5 சதவீதம் நான்கு ஓரத்துக் காற்று. 120 செ.மீ. நீளமும் 11 செ.மீ. விட்டமும் கொண்ட ஜமுக்காளச் சுருளின் கொள்ளளவு எடை 2.9 கிலோ. அதே துணியை மடித்து 45க்கு 35க்கு 6 என்று கட்டினால் 1.9 கிலோ. கோரைப்பாய்க்கு இந்த வசதி இல்லை. குறுக்கே மடித்தால் கோரை ஒடிந்துவிடும். அதை இறுக்கிச் சுருட்டுவது ஒன்றே வழி. இறுக்கத்தில் ஒரு சென்டிமீட்டர் விட்டம் குறைந்தாலும் லாபம்தான், விட்டம் கணக்கில் இரண்டு முறை பெருக்கப்படுகிறது.

பாத்திரங்களில் காற்றை உறிஞ்ச முடியாது, வேறொரு பொருளால் நிரப்பத்தான் முடியும். மெல்லிய தகட்டில் செய்த குடத்தை 30க்கு 30க்கு 32 பெட்டியில் வைத்தால் கொள்ளளவு எடை 5.76 கிலோ. குடத்தின் சொந்த எடை ஒரு கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கழுத்து குறுகியதால் ஒன்றுக்குள் ஒன்று நுழையாது. வாய் வழியே போகக்கூடிய டம்ளர், கரண்டி, சிறு கிண்ணங்களை உள்ளே அடுக்கி ஒரே ஆர்டராக விற்றால், ஏற்கெனவே பணம் கட்டிய வெற்றிடத்தில் அவை இலவசமாகப் பயணம் செய்கின்றன. வாய் அகன்ற பாத்திரங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஐந்து பாத்திரங்கள் கொண்ட அடுக்கின் வெளி அளவு, அதில் பெரிய பாத்திரத்தின் அளவுதான். 28க்கு 28க்கு 18 பெட்டியில் அடங்கும் அடுக்கின் கொள்ளளவு எடை 2.8 கிலோ. உள்ளே இருக்கும் எஃகு சுமார் 3 கிலோ என்றால், இரண்டு எடைகளும் கைகோத்துவிட்டன. அதற்கு மேல் சுருக்கிப் பயனில்லை. ஐந்தையும் தனித்தனியாக விற்கும் கடை ஐந்து காற்றுக் கட்டணங்களைத் தாங்குகிறது, அல்லது வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறது.

அலமாரித் தட்டு, முக்காலி, பூஜை மாடம் போன்றவற்றில் விடை திருகாணியில் இருக்கிறது. காலைக் கழற்றி மேசையைத் தட்டையாக அனுப்பும் முறையை ஸ்வீடனின் இக்கியா நிறுவனம் 1950களில் கையில் எடுத்து உலகெங்கும் பரப்பியது. பசை போட்டு இறுக்கும் இடத்தில் திருகாணி வைத்துத் தரச் சொன்னால் உள்ளூர்த் தச்சர்களாலும் இது முடியும்.

இனி உடையும் பொருள். மாக்கல் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மையானது. ஆனால் மென்மையும் உறுதியும் வேறு வேறு. எல்லாக் கற்களையும் போல அது நசுக்கலைத் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. விழும்போது விளிம்பு வளைய முயலும் இடத்தில் விரிசல் தொடங்குகிறது. பேக்கேஜிங் சோதனைகளுக்கான சர்வதேச அமைப்பான இஸ்டாவின் அடிப்படைச் சோதனையில், 10 கிலோவுக்குக் குறைந்த பார்சலை 76 செ.மீ. உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள்: ஒரு மூலை, மூன்று விளிம்புகள், ஆறு பக்கங்கள். ஏறக்குறைய இடுப்பு உயரம் அது, கைநழுவும் உயரம். எடை கூடக்கூடச் சோதனை உயரம் குறையும். கனமான பெட்டியை யாரும் உயரத்திலிருந்து வீசுவதில்லை என்ற மனித இயல்பைத்தான் அந்த அட்டவணை எண்ணாக்கி வைத்திருக்கிறது.

76 செ.மீ. விழுந்த பொருள் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 3.9 மீட்டர். அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்ததுதான் உடைவதும் உடையாததும். விழுந்த உயரத்தை நின்ற தூரத்தால் வகுத்தால், பொருள் தன் எடையைப் போல் எத்தனை மடங்கு விசையைச் சந்திக்கிறது என்பது தோராயமாகக் கிடைக்கும். வெறும் அட்டை இரண்டு மில்லிமீட்டர் நசுங்கினால் 380 மடங்கு. ஒரு செ.மீ. அமுங்கும் மெத்தை இருந்தால் 76 மடங்கு, இரண்டு செ.மீ. என்றால் 38. இது சராசரிதான், உச்ச விசை இதைவிட அதிகம். மெத்தையும் தன் தடிமன் முழுவதும் அமுங்காது, ஏறத்தாழப் பாதிதான் பயன்படும். மூன்று கிலோ கல்சட்டிக்கு நான்கு பக்கமும் மேலும் கீழும் 3 முதல் 5 செ.மீ. மெத்தை வேண்டும் என்பது இதிலிருந்து வருகிறது.

அந்த 3க்கும் 5க்கும் இடையில்தான் வணிகக் கணக்கு ஒளிந்திருக்கிறது. 20 செ.மீ. விட்டமும் 12 செ.மீ. உயரமும் உள்ள கல்சட்டிக்குச் சுற்றிலும் 5 செ.மீ. விட்டால் பெட்டி 30க்கு 30க்கு 22, கொள்ளளவு எடை 3.96 கிலோ. மூன்றரை செ.மீ. விட்டால் 27க்கு 27க்கு 19, எடை 2.8 கிலோ. அளவுக்கு மீறிய பாதுகாப்பு கல்லையே தலையணை ஆக்கிவிடுகிறது! உடையாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்சத் தடிமனை, ஒரு பழைய சட்டியைக் கட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு ஆகும் செலவு ஒரு சட்டி. அதைத் தவிர்க்கும் கடை ஒவ்வொரு பார்சலிலும் அதிகப்படியாகக் கட்டிக்கொண்டே இருக்கும்.

தடிமனோடு மென்மையும் பொருந்த வேண்டும். இலேசான பொருளுக்கு விறைப்பான மெத்தை கொடுத்தால் அது அமுங்கவே அமுங்காது. கனமான பொருளுக்கு மென்மையான மெத்தை கொடுத்தால் முழுதும் அமுங்கித் தரை தட்டிவிடும். பபிள் ரேப்பின் குமிழ்கள் கல்சட்டியின் கீழே வெடித்துவிடுவது இதனால்தான். 1957இல் அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாளாக உருவாக்க முயன்று தோற்ற பொருள் அது. எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் பொருந்தும், கல்லுக்குப் பொருந்தாது. கல்லுக்கு விறைப்பான மெத்தை வேண்டும். அதற்கு நாமக்கல்லில் மலிவான ஒன்று கிடைக்கிறது: காகிதக் கூழில் வார்த்த முட்டைத் தட்டு. முப்பது குழிகளும் கூம்புகளுமாக இருக்கும் அந்த வடிவம் அழுத்தும்போது படிப்படியாக நசுங்குகிறது, நசுங்கும் தூரம் முழுவதும் ஆற்றலை உறிஞ்சுகிறது. இரண்டு தட்டுகளை ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பி வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று புதையாமல் தடிமனாக நிற்கும். தட்டு புதியதாக இருக்க வேண்டும். பண்ணைக்குப் போய் வந்த தட்டில் கோழி நோய்க் கிருமிகள் வரலாம், நாற்றமும் வரும். சமையல் பாத்திரத்தோடு அது சேரக் கூடாது. எவர்சில்வருக்கு இடையில் வைக்க, இளம்பிள்ளை, தாரமங்கலம் விசைத்தறிகளின் கழிவு நூல் நன்றாகவே உதவும்.

எவர்சில்வருக்கு விழுவதைவிட அதிர்வுதான் எதிரி. வில்லுப்பட்டைகள் உள்ள லாரி நொடிக்கு இரண்டு முதல் ஐந்து முறை வரை மேலும் கீழும் ஆடுகிறது. சேலத்திலிருந்து பெங்களூரு போய்ச் சேருவதற்குள் பல்லாயிரம் ஆட்டங்கள் நடந்துவிடும். இரண்டு பாத்திரங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு சிறு உரசல், கண்ணாடிப் பளபளப்பு போய்ச் சாம்பல் வட்டம் விழுந்துவிடும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவே ஒரு தாள் போதும். பெட்டியைக் குலுக்கினால் எந்தச் சத்தமும் வரக் கூடாது.

அட்டைப்பெட்டி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெளிவுத் தாள் 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபோது அது உயரமான தொப்பிகளின் உள்பட்டையாகத்தான் இருந்தது. 1871இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைப் பாட்டில்களைச் சுற்றப் பயன்படுத்தினார். 1874இல் ஆலிவர் லாங் நெளிவுக்கு இரு புறமும் தட்டைத் தாள் ஒட்டினார். இன்று '3 பிளை' என்பது அதுதான்: இரண்டு தட்டைத் தாள், நடுவில் ஒரு நெளிவு. 5 பிளையில் இரண்டு நெளிவுகள். தாள்களை ஒட்டுவது ஸ்டார்ச் பசை. சேலம், நாமக்கல் மாவட்டச் சேகோ ஆலைகளின் மரவள்ளி மாவுக்கும் இந்தப் பசையில் இடம் உண்டு. ஜவ்வரிசிப் பாயசத்தைக் கெட்டியாக்கும் அதே மாவு, அதே குணம்: ஈரம் பட்டால் இளகும். தாளின் நார்களும் ஈரத்தை உறிஞ்சும். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90க்கு ஏறினால் பெட்டியின் தாங்கும் திறன் ஏறத்தாழப் பாதியாகிறது. வறண்ட சேலத்தில் விறைப்பாக இருந்த பெட்டி, ஆனி மாதத்துக் கொச்சியில் தொய்ந்து போவதற்கு மழையில் நனைய வேண்டிய அவசியமே இல்லை.

பெட்டி எவ்வளவு பாரம் தாங்கும் என்பதற்கு 1963இல் மெக்கீ என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள். அதன்படி தாங்கும் திறன் அட்டை விளிம்பின் நசுங்கு வலிமைக்கு நேர் விகிதத்திலும், அட்டையின் தடிமனையும் பெட்டியின் சுற்றளவையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்துக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். விளிம்பு வலிமையும் தடிமனும் இரட்டித்தால் திறன் 2.8 மடங்கு. பெட்டியைப் பெரிதாக்கிச் சுற்றளவை இரட்டித்தாலோ 1.4 மடங்குதான் கூடும், உள்ளே ஏறும் சரக்கோ அதைவிட வேகமாகக் கூடிவிடும். பெரிய பெட்டிக்கு 5 பிளை வேண்டும் என்று கடைக்காரர்கள் அனுபவத்தில் சொல்வதற்குக் காரணம் இதுதான். 40 செ.மீ. உயரப் பெட்டிகளை லாரியில் ஐந்து அடுக்காக வைத்தால், பத்து கிலோ வீதம் அடியில் உள்ளது 40 கிலோவைத் தாங்க வேண்டும். அதிர்வு, ஈரம், நாள்கணக்கான பாரம் எல்லாம் சேர்த்து ஐந்து மடங்கு பாதுகாப்பு வைத்தால் 200 கிலோ. அந்தப் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கை நான்கு மூலைகளே சுமக்கின்றன. மூலை நசுங்கிய பழைய பெட்டி எத்தனை பிளையாக இருந்தாலும் கல்சட்டிக்கு ஆகாது, துண்டு துப்பட்டாவுக்கு ஆகும். பிரவுன் டேப்பை நடுக்கோட்டில் ஒன்றும் இரு ஓரங்களில் ஒவ்வொன்றும் ஒட்டினால் போதும். பெட்டியையே சுற்றிச் சுற்றி ஒட்டுவது டேப் கம்பெனிக்கு மட்டுமே லாபம்.

எந்த வழியில் அனுப்புவது என்பது கடைசிக் கேள்வி. ஐந்து கிலோவுக்குக் கீழே தபாலும் கூரியரும்தான். தூரம் கூடக்கூடக் கட்டணமும் கூடும். கூரியர் வண்டி எட்டாத கிராமத்துக்கும் அஞ்சலகம் இருப்பது தபாலின் பலம். இருபது முப்பது கிலோ தாண்டினால் கணக்கு மாறிவிடுகிறது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள், சேலத்தில் லாரி பார்சல் ஆபீஸ்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே குறைந்தபட்சக் கட்டணம் ஒன்று இருக்கும், ஏற்றுக்கூலியும் இறக்குக்கூலியும் தனி. ஆனால் அதற்கு மேல் கிலோவுக்கு ஆகும் செலவு கூரியரைவிட வெகுவாகக் குறைவு. எல்.ஆர். எனப்படும் லாரி ரசீதை வைத்து வாடிக்கையாளரே கோடவுனில் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இன்னும் மலிவு. 'டூ பே' போட்டால் சரக்கைப் பெறுகிறவரே கட்டணத்தைக் கொடுத்துவிடுவார். பத்துக் குடங்களையோ ஒரு கல்சட்டி வரிசையையோ மொத்தமாக வாங்குகிறவரிடம் இந்த வழியைச் சொல்லாமல் கூரியரில் அனுப்பும் கடை, விற்பனையையே இழக்க வாய்ப்புண்டு.

அளப்பதைப் பெட்டியைக் கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டும், பெட்டியில் அச்சிட்ட அளவை நம்பக் கூடாது. ஹப்பில் அளக்கும் கருவி பெட்டியின் மிக உப்பிய புள்ளியைத்தான் எடுத்துக்கொள்ளும். 40க்கு 30க்கு 20 பெட்டியின் கொள்ளளவு எடை 4.8 கிலோ, பில் 5 கிலோவுக்கு. அதில் கொஞ்சம் அதிகமாகத் திணித்து மேலும் கீழும் இரண்டிரண்டு செ.மீ. புடைத்துவிட்டால் 5.76 கிலோ, பில் 6 கிலோவுக்கு.